ரைஸ் மில் வரை தள்ளிய வண்டி

போன மாதம் என் தம்பி மகன் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினான். கூடுவாஞ்சேரியில் இருக்கிறான், தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன். முதல் வண்டி வாங்கப் போகிறானாம். புதியது வேண்டாம், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிதான் வேண்டும் என்று தேடி ஒன்றைப் பிடித்திருக்கிறான். படத்தில் மெரூன் நிற டேங்க், அதன் இரு பக்கமும் குரோமியப் பட்டை, வட்டமான முன்விளக்கு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த வண்டியும் இதேதான்.

படத்தின் கீழே குரல் பதிவு ஒன்று. “அத்த, தாத்தா வெச்சிருந்த அதே மாடலு. அப்பா வேணாங்கறாரு. தாத்தாவோடது நடுத்தெருவுல நின்னு நின்னு மானத்த வாங்குச்சாமே. இன்னா கம்ப்ளெய்ன்ட்டு அதுல?”

நம் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு வண்டிக் கதை இருக்கும். சாய்த்துப் பிடித்தால்தான் கிளம்பும் ஸ்கூட்டர், மழை வந்தால் மட்டும் மக்கர் செய்யும் மொபெட். சொல்லிச் சொல்லி அவை வீட்டுப் பிராணிகளைப் போல ஆகியிருக்கும். எங்கள் வீட்டுக் கதையும் அப்படித்தான் நாற்பது வருடமாகப் புழங்குகிறது, ஒரு பிழையோடு. நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் பிழையான செய்தி வந்துவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில் நாலு வரித் திருத்தம் போடுவோம். இது நாலு வரிக்குள் அடங்காது. சுருக்கம் மட்டும் முதலில்: அந்த வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. விற்றவர் எங்களை ஏமாற்றவும் இல்லை.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில். பெயர் வேண்டாம், உறவுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மெயின் ரோட்டில் பஸ் நிறுத்தம். உள்ளே திரும்பினால் முதலில் ரைஸ் மில். மில்லைத் தாண்டினால் ஊர்த்தெரு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், நடுவில் ஒரே ஒரு மாடி வீடு. தெரு முடிகிற இடத்தில் கோயில். கோயில் முனையில் திரும்பி வாய்க்கால் மதகைக் கடந்தால் பனைமர வரிசை, அதற்கு அப்பால் எங்கள் காலனி. வேறு வழி கிடையாது. ரைஸ் மில்லிலிருந்து கோயில் முனைவரை என் காலுக்கு முந்நூற்றுப் பத்து அடி. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் எண்ணியிருக்கிறேன்.

காலனி ஆண்கள் சைக்கிளில் வந்தாலும் அந்த முந்நூற்றுப் பத்து அடியை இறங்கி உருட்டிக்கொண்டுதான் கடப்பார்கள். சித்தப்பா போன்ற இளவட்டங்கள் வாசலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மிதிப்பதுண்டு. அது என்ன பழக்கம் என்று நான் கேட்டதில்லை. தெருவில் சல்லிக்கல் பெயர்ந்து கிடந்தது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குக் கல்பாக்கம் குடியிருப்பில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் வால்வைத் திறக்க வேண்டும். டி வடிவத்தில் நீளமான இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகப் போவார். எந்த வால்வை மூடினால் எந்த மாடியில் எத்தனை நிமிடம் கழித்துத் தண்ணீர் நிற்கும் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தார். “மூடனவொடனே நிக்காது. கொழாய்ல கீறது தீர்ர வரிக்கும் வந்துகினு இருக்கும்” என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஸ்டாஃப் பஸ் இல்லை. பதினோரு கிலோமீட்டரும் சைக்கிள். கடைசி நான்கு கிலோமீட்டர் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, கடற்காற்றை எதிர்த்து. ஒருநாள் பஞ்சராகி முக்கால் மணி நேரம் தாமதமானது. நாலு பிளாக் ஜனங்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள். இன்னொருமுறை இப்படி ஆனால் வால்வு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு உன்னைத் தோட்ட வேலைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அப்படித்தான் வண்டி வாங்கும் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஆசைப்பட்டு வாங்கியதல்ல.

அந்தக் குடியிருப்பில் வண்டி வாங்குவதில் ஒரு வசதி உண்டு. மாற்றலில் போகிறவர்கள் வருடா வருடம் விற்பார்கள். படித்தவர்கள், ஒரே கை, ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டி. குறை ஒன்றுதான், உப்புக் காற்று. ஆறு மாதம் துடைக்காமல் விட்டால் ரிம்மில் காவி நிறப் புள்ளிகள் வந்துவிடும்.

எங்களுக்கு விற்றவர் வரைபடப் பிரிவில் இருந்தவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அப்பா அவரை டிராயிங் சார் என்பார். அப்பா தினமும் திறந்துவிடும் தண்ணீரில்தான் அவர் வண்டியைக் கழுவுவார். பிறகு மஞ்சள் துணியால் துடைத்து, குரோமியத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, காக்கித் துணி உறை போட்டு மூடுவார். பிளக் மாற்றிய நாள், செயினுக்கு எண்ணெய் விட்ட நாள் எல்லாம் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார், கட்டம் போட்டு, ஒரே அளவு எழுத்தில். வடக்கே மாற்றல் வரப்போகிறது என்று தெரிந்ததும், கேட்டு வந்த ஆபீசர்களை விட்டுவிட்டு அப்பாவிடம் தானாகவே சொன்னாராம். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் தண்ணீர் அவருக்கு நேரம் தவறியதில்லை, அந்தப் பஞ்சர் நாளைத் தவிர.

வாங்குவதற்கு முன் திருக்கழுக்குன்றத்திலிருந்து மெக்கானிக் பாயை அப்பா அழைத்துப் போனார். பாய் முதலில் வண்டியைச் சுற்றி வந்தார். ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சைலன்சர் முன் உள்ளங்கையைக் காட்டி மோந்து பார்த்தார். பிறகு டிராயிங் சாரின் நோட்டைப் புரட்டினார், படிக்கத் தெரியாவிட்டாலும். “இவுரு வண்டிய வெச்சிகினு இருந்தாரா, புள்ளைய வளத்தாரான்னு தெர்ல. கண்ண மூடிகினு வாங்குபா” என்றார்.

பதினோரு மாலைகள், ஷிப்ட் முடிந்து, டிராயிங் சாரே பின்னால் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் சொந்தத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த முதல் ஆள் அப்பா. வெகு நாள்வரை ஒரே ஆளும் அவர்தான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. பனைமர வரிசையின் முனையில் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். சித்தப்பா கையில் எலுமிச்சம்பழம், அம்மா இடுப்பில் தம்பி, தட்டில் கற்பூரம். மெயின் ரோட்டில் சத்தம் கேட்டது. மில் பக்கம் திரும்புவது கேட்டது. பிறகு நின்றுவிட்டது. கற்பூரத்தை அணைக்கலாமா வேண்டாமா என்று அம்மா கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மதகின் மேல் அப்பா வந்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “நின்னுட்ச்சி” என்றார். எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்குச் சித்தப்பா பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும். போகும்போது கோயில் முனையில் இருமி இருமி நிற்கும், அப்பா தள்ளிக்கொண்டு மில்வரை போவார், அங்கே உதைத்தால் கிளம்பும். வரும்போது மில்லருகே நிற்கும், கோயிலருகே கிளம்பும். மெயின் ரோட்டில் எந்தக் குறையும் இல்லை. மதிய ஷிப்ட் வாரங்களில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அப்போதெல்லாம் குழந்தைகள் உட்காரும் இடம் பெட்ரோல் டேங்க். வெயிலில் அது தோசைக்கல் மாதிரி காயும், மடித்த துண்டைப் போட்டு உட்காருவேன். கோயில் முனை வந்ததும் இறங்கி, என் பையையும் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பேன்.

எனக்கு அந்த வருடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மாடி வீட்டுப் பெண் என் வகுப்பு, நாலாம் வகுப்பு. அவர்கள் வீட்டுப் பச்சை நிற கேட்டைத் தாண்டி நான் டேங்க் மேல் உட்கார்ந்து வேகமாகப் போக வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும். அவள் பார்த்ததெல்லாம் நான் தூக்கோடு நடந்து போனதைத்தான். ஒருநாள் இடைவேளையில் கேட்டாள்.

“உங்க வண்டி ஓடாதா?”

“ஓடும்.”

“எங்க?”

“மெயின் ரோட்ல.”

“நான் பாக்கவே இல்லியே” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவள் பார்த்ததில்லை.

வைத்தியம் பல திசைகளிலிருந்து வந்தது. பாய் கார்புரேட்டரை மூன்றுமுறை பிரித்தார். டேங்கில் துரு இறங்கியிருக்கும் என்று பெட்ரோலை வடித்து, உள்ளே சல்லிக்கல் போட்டுக் குலுக்கிக் கழுவினார். உப்புக் காத்து உள்ளே பூந்துட்ச்சி என்றார். பெட்ரோலில் கலக்கும் ஆயில் அதிகமோ என்று, டேங்க் மூடியோடு வரும் அந்தச் சின்ன அளவுக் குவளையில் ஒரு கோடு குறைத்துக் காட்டினார். அவர் கடைமுன் வண்டி அரைமணி நேரம் நின்றபடி ஓடும். “என்கிட்ட ஒண்ணியும் காட்ட மாட்டேங்குதே” என்று தலையைச் சொறிவார். மூன்றாவது தடவைக்கு மேல் அவர் வேலைக்குக் காசு வாங்கவில்லை. அதுதான் அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

ஊர்த்தெருவில் ஒரு ரிடையர்டு வாத்தியார் இருந்தார். காலையில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். முதல் நாள் தொட்டு எங்கள் வண்டியைக் கவனித்து வந்தவர். பிளக்கைத் தேய்க்கவென்று உப்புத்தாள் துண்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வண்டி வந்து நின்றதும் எழுந்து வருவார். “டேய், பிளக்க கழட்டி நல்லா தேய்டா. கரி புடிச்சிருக்கும்” என்பார். “சரிங்க சார்” என்று அப்பா உப்புத்தாளை வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டு மாடத்தில் அப்படி ஏழெட்டுத் துண்டுகள் சேர்ந்திருந்தன. அப்பாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வாத்தியார் நல்லவர். அப்பாவை ‘டா’ போட்டுத்தான் பேசுவார். இரண்டும் உண்மை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார். அம்மா வர மறுத்துவிட்டாள். “நிக்கற வண்டில ஏறி, தெருவுல எறங்கி நிக்கறதுக்கு நான் நடந்தே போயிக்கறேன்” என்றாள். வழக்கம்போலத் தள்ளினோம், மில்லில் உதைத்தோம். அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடியதை நான் இன்றும் உடம்பில் வைத்திருக்கிறேன். டேங்கின் அதிர்வு தொடையில் ஏறும், பல் லேசாகக் கிடுகிடுக்கும், வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து ஓசை எழுப்பும். மாமல்லபுரத்தில் உப்பும் மிளகாயும் தூவிய மாங்காய் வாங்கித் தந்தார். அப்படியே வடக்கே திருவிடந்தைவரை போய்த் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை. இங்கே மட்டும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

“கடல் காத்து அதுக்கு புடிச்சிகீது” என்றார் அப்பா.

பாய் சொன்னது நேர்மாறாக இருந்தது. இரண்டு பெரியவர்கள் ஒரே காற்றைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். காலனியிலிருந்து கிளம்பிப் பனைமரங்கள் தொடங்கும் இடத்தில் அப்பாவின் இடது கை ஹேண்டில்பாரை விட்டு என் முழங்காலை உரசிக்கொண்டு கீழே போகும். டேங்குக்கு அடியில் பெட்ரோல் காக் இருக்கும், பெட்ரோலைத் திறந்து மூடும் சின்னத் திருகு. அதை அரைச் சுற்றுத் திருகிவிட்டுக் கை மேலே வந்துவிடும். பிறகு வண்டி மதகைத் தாண்டும், கோயில் முனையில் இருமும், நிற்கும். தள்ளிப் போகும்போது மில்லுக்குப் பத்தடி முன்னால் குனிந்து மறுபடி எதையோ திருகுவார். டேங்க் மேல் உட்கார்ந்தவளைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. நான் அதை ஓட்டுவதன் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டேன், கிளட்ச் பிடிப்பது மாதிரி. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வண்டியைச் சொந்த அண்ணன் வாங்கியதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. அது நின்று நின்று ஊர் சிரிப்பதில் அதைவிடப் பெரிய ரோஷம். புரட்டாசியில் ஒருநாள், அப்பா ஷிப்டில் இல்லாத நேரம் பார்த்து, பஸ் ஏறி டிராயிங் சார் குடியிருப்புக்கே போய்விட்டார். மாடிப்படியில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க, ஓட்டை வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள், விவரம் தெரியாதவர்கள் என்றுதானே இப்படி என்று பேசியிருக்கிறார். டிராயிங் சார் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து சித்தப்பா அதை வெற்றி போலச் சொன்னார். அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். சோறு பாதி தட்டில் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை டிராயிங் சார் எங்கள் வாசலில் நின்றார். பஸ்ஸில் வந்து, தெரு முழுக்க நடந்து வந்திருக்கிறார். கையில் ரெக்சின் பை, அதில் ஸ்பேனர்களைச் சுருட்டிய கித்தான் துணி, அந்த நோட்டு. அம்மா டீ கொடுத்தாள். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியிடம் உட்கார்ந்தார். பிளக், பாயின்ட், கார்புரேட்டர், செயின், ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்தார். எங்கே நிற்கிறது என்று கேட்டார். சித்தப்பா வழி சொன்னார். டிராயிங் சார் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் மதகைத் தாண்டியது, தெருவுக்குள் போனது, மில்லைக் கடந்தது, திரும்பி வந்தது. எங்கேயும் அறுபடவில்லை. இப்படி மூன்று தடவை.

“ஒருக்காகூட நிக்கலைங்க” என்றார், இறங்கியபடி.

சித்தப்பா விடவில்லை. “நீங்க ஓட்டனா ஓடுது. நாங்க ஓட்டனா அந்தத் தெருவுல நின்னுடுது. அது இன்னா மாயம்?”

“அதுதாங்க எனக்கும் தெரியல.” டிராயிங் சார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “என் வண்டியால உங்களுக்குச் சங்கடம்னா, நானே திருப்பி எடுத்துக்கறேங்க. கொடுத்த பணம் அப்படியே வந்துரும்.”

சித்தப்பா, அதுதான் நியாயம் என்றார். வண்டி போனால் அப்பாவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் வால்வு இல்லை, அந்த வேலை இல்லை. அது சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் ஏமாந்தவர்களாக இருப்பதைவிட அது மேல் என்று நினைத்தார். எனக்கோ டேங்க் போய்விடும் என்பது மட்டும்தான் புரிந்தது.

டிராயிங் சார் கடைசியாக ஒருமுறை கேட்டார். நிற்பதற்கு முன்னால் என்ன ஆகும், உதறுமா, வேகம் குறையுமா? அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது.

“அப்பா கீழ கைய வுட்டு ஒண்ணு திருகுவாரு. அதுக்கப்பறம் கொஞ்ச தூரம் போயி நிக்கும்” என்றேன்.

காக் எங்கே இருக்கிறது என்று தொட்டும் காட்டினேன்.

டிராயிங் சார் குனிந்து அந்தத் திருகைப் பார்த்தார். மூடினார், திறந்தார். எழுந்து அப்பாவைப் பார்த்து மெதுவாக, “ஏங்க?” என்றார்.

“தெரு சார்” என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

டிராயிங் சார் ஒரு கணம் விழித்தார். பிறகு விழிக்கவில்லை. அவர் ஊரிலும் தெருக்கள் இருந்திருக்கும். ஸ்பேனர்களைத் துணியில் ஒவ்வொன்றாகச் செருகிச் சுருட்டினார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, உங்களிடமே இருக்கட்டும் என்றார். சித்தப்பா பையைத் தூக்கிவர எழுந்தார். டிராயிங் சார் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மதகுப் பக்கம் நடந்தார்.

பல வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, அப்பா ஒரே ஒருமுறை இதைப் பற்றி என்னிடம் பேசினார். முதல் நாள் மில் வந்ததும் கை தானாக வண்டியை நிறுத்திவிட்டதாம். அந்தத் தெருக்காரர்கள் நிலத்தில்தான் தாத்தா காலமெல்லாம் கூலி வேலை செய்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்தவர். அப்பா சைக்கிளை உருட்டியவர். ஓடுகிற மோட்டார் சைக்கிளில் எப்படி அங்கே நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் தடுக்கவில்லை. தடுத்திருப்பார்களா என்றால், அதுவும் தெரியாது. இறங்கித் தள்ளும்போது வாத்தியார், “இன்னாடா, நின்னு பூட்ச்சா?” என்று கேட்டிருக்கிறார். ஆமாங்க சார் என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வண்டி தினமும் நின்றாக வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கலாமே, எதற்குப் பெட்ரோல் காக் என்று கேட்டேன்.

“சாவிய திருப்பனா நான் நிறுத்தன மாதிரி ஆவும். காக்க மூடனா அதுவா நிக்கும்” என்றார்.

மூடிய பிறகு கார்புரேட்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் எவ்வளவு தூரம் வரும் என்பதை நாலே நாளில் கணக்குப் பிடித்துவிட்டாராம். அவர் வேலையே அதுதானே.

அந்த ஞாயிறு, டிராயிங் சார் மதகைக் கடந்து மறைந்ததும் சித்தப்பா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“எனக்கு வைகாசிலருந்தே தெரியும். நாலு மணிக்கு நீ போவசொல்ல படுத்துகினே கேட்டுகினுதான இருக்கறேன். கோயிலாண்ட நிக்கும், மில்லாண்ட கெளம்பும். அந்த நேரத்துல தெருவுல ஒரு நாயி கெடையாது. யாருக்குயா தள்ளிகினு போற?”

தெரிந்தும் ஏன் இத்தனை மாதம் பேசாமல் இருந்தாய் என்று அம்மாவிடம் பிற்பாடு கேட்டேன். அவரே சொல்லட்டும் என்று இருந்தாளாம்.

தம்பியைச் சித்தப்பாவின் மடியில் வைத்துவிட்டு, அம்மா வண்டியின் பின்சீட்டில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். அதில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. “அந்த மனுசன் பஸ்ஸு ஏர்றதுக்குள்ள போவணும். நம்ம பேசனது தப்புன்னு நம்மதான் சொல்லணும். எடு வண்டிய” என்றாள். துண்டு போட நேரமில்லாமல் நான் டேங்க் மேல் ஏறினேன். சூடு தொடையில் பட்டது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. அதற்குப் பிறகும் அப்பா தனியாகப் போன பல விடியற்காலைகளில் சத்தம் கோயிலருகே நின்றது, மில்லருகே கிளம்பியது. தை மாதம்வரை அப்படி இருந்தது. குடும்பத்தில் கோளாறுக் கதை நிலைத்ததற்கும் அதுதான் காரணம். தம்பிக்குக் கதை சொன்னது சித்தப்பா. உண்மையைவிடக் கார்புரேட்டரைப் பற்றிச் சொல்வது அவருக்கு எளிதாக இருந்தது.

அன்று நாங்கள் கிளம்பியதும் பனைமரங்கள் தொடங்கின. அப்பாவின் இடது கை ஹேண்டில்பாரை விட்டது. என் முழங்காலை உரசிக் கீழே போனது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல்கள் காக்கின் மேல் இருந்தன.

“கைய மேல வெச்சி ஓட்டு” என்றாள் அம்மா பின்னாலிருந்து.

விரல்கள் இரண்டு பனைமரத் தூரம் அங்கேயே இருந்தன. பிறகு கை மேலே வந்தது. மதகு போனது. கோயில் முனையில் நான் வழக்கம்போல இறங்குவதற்குக் காலைத் தளர்த்தினேன். வண்டி இருமவில்லை. தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம் இரண்டு பக்கச் சுவர்களிலும் பட்டு இரட்டிப்பாகக் கேட்டது. அப்பாவின் முழங்கைகள் என் இரு பக்கமும் விறைத்திருந்தன. வேகம் சைக்கிள் வேகம்தான். வாத்தியார் பழக்கத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்டார். உப்புத்தாளைக் கையில் பிடித்தபடி நாங்கள் கடந்து போவதைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டார். மாடி வீட்டின் பச்சை கேட் பூட்டியிருந்தது. அவர்கள் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள் என்று மறுநாள் வகுப்பில் தெரிந்தது. கேட்டின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. நடந்தால் முந்நூற்றுப் பத்து. வண்டியில் எண்ண நேரம் இருக்கவில்லை.

ரைஸ் மில் வந்தது. அதற்கு அப்பால் மெயின் ரோட்டில், பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த டிராயிங் சார் எழுந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

மில் வாசலில், எப்போதும் உதைத்துக் கிளப்பும் அதே இடத்தில், அப்பா பிரேக் பிடித்தார். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். கிக்கரைக் காலால் வெளியே இழுத்து, உடம்பைத் தூக்கி, பலமாக ஓர் உதை உதைத்தார்.

“ஓடிகினுதான்யா கீது,” என்றாள் அம்மா. “போ.”